பதினொரு மணிக்குப் பேச வேண்டியவர்

மாநாட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எங்களுக்கு வழக்கமாக பேனர் அடித்துத் தரும் சிங்காநல்லூர் பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து, பேச்சாளர்களின் படங்களைத் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில், நடுவில், பழனியம்மாள் அவர்களின் படம். அதை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன். கடைக்காரர் பெரிதாக்கிக்கொண்டிருக்கும்போது என் கைப்பேசி அடித்தது. பழனியம்மாளின் கணவர் சுப்பிரமணியம் அண்ணன் பேசினார்.

"மேரி அம்மணி, பழனி போயிட்டாளுங்க."

"எங்கீங்கண்ணா போயிட்டாங்க?" என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன். காலையில் பால் காய்ச்சி வைத்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அண்ணன் தெருமுனைக்கு ஓடி ஓர் ஆட்டோவைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதே போட்டோவுலயே கண்ணீர் அஞ்சலி அடிச்சுப்போடட்டுங்களா? ஊட்டுக்காரங்க எப்படியும் கேப்பாங்க."

அந்த மனிதரை அறைந்திருப்பேன். ஆனால் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. படம் எடுக்க என்றாலே ஓடி ஒளிகிற பழனியம்மாள், மேடையில் பேசப்போகிறோம் என்பதற்காகவே பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த படம் அது. வேறு நல்ல படம் அவருக்குக் கிடையாது. அன்று மதியமே அது கறுப்புக் கரை கட்டி அவர் தெருமுனைச் சுவரில் ஏறிவிட்டது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழனியம்மாள் காங்கேயத்துக்காரர். அப்பாவுக்கு அங்கே தேங்காய் எண்ணெய் மில். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடச் சேர்ந்தார். பலகையும் பென்சிலும் போய்க் கணினி வந்தபோது, ஆண்களெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருக்க, இவர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஒரு ஃபவுண்டரியில் அதே வேலை பார்க்கிறேன். இருவருக்கும் ஒரே வயது. கடைசிவரை நாங்கள் 'வாங்க, போங்க' என்றுதான் பேசிக்கொண்டோம். எனக்கு வாய் நீளம். அவருக்குப் பேச்சுத் திக்கும்.

பொங்கல் முடிந்ததும் ஆண்டுதோறும் நாங்கள் கூட்டுகிற மாநாடு பற்றியும் சொல்ல வேண்டும். பம்ப், மோட்டார், கிரைண்டர், நெசவு எந்திரம் என்று கோவையைச் சுற்றி எது தயாரானாலும் அதை முதலில் கணினியில் வரைகிற ஆட்கள் உண்டு. நாங்கள் ஒரு நாள் கூடி, வடிவமைப்பு மென்பொருளில் என்ன புதுசு, யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள், எப்படித் தப்பித்தார்கள் என்று பேசுவோம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ கணினிக்காரர்கள் கூட்டம். எங்களுக்கு அது திருவிழா.

முதல் மாநாட்டிலேயே மானம் போகப் பார்த்தது. முதல் பேச்சாளர் தன் கோப்பைப் புதிய பதிப்பு மென்பொருளில் செய்து கொண்டுவந்துவிட்டார். அரங்கக் கணினியில் இருந்ததோ பழைய பதிப்பு. திறக்க மாட்டேன் என்றது. எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தவறுதான், ஆனால் இவ்வளவு பேர் முன்னாலா செய்ய வேண்டும்? அவருக்கு வேர்த்துக் கொட்டியது. தொகுத்து வழங்கிக்கொண்டிருந்த நான் ஏதேதோ உளறிச் சமாளித்தேன். அப்போது கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார் பழனியம்மாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கணினி முன் உட்கார்ந்து, வெறும் திரையில் முதல் கோட்டை இழுத்தார். பேச்சாளரைத் திரும்பிப் பார்த்து, பேசுங்கள் என்று தலையசைத்தார். அவர் பேசப் பேச, அந்தப் பாகம் திரையில் எங்கள் கண் முன்னாலேயே முளைத்து வந்தது. அன்று விழுந்த கைதட்டல் யாருக்கு என்று பேச்சாளருக்கும் தெரியும்.

அதன்பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. யார் பேசினாலும் மேடை ஓரத்தில், கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வரைகிறவர் பழனியம்மாள்தான். திரையில் நகரும் அம்புக்குறியைப் பார்த்தே 'அக்கா வந்தாச்சு' என்பார்கள். எத்தனையோ பேருக்கு அவருடைய கை தெரியும், குரல் தெரியாது.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கம்பெனி கேன்டீனில் ஒத்திகை நடக்கும். பேசப்போகிறவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் வந்து பேசிக் காட்டியாக வேண்டும். பழனியம்மாள் கடைசி பெஞ்சில் இருப்பார். காதில் விழவில்லை என்றால் கையைத் தூக்குவார். புரியவில்லை என்றால் எழுந்து நின்றுவிடுவார். சென்னையிலிருந்து வந்த ஒருவர் எரிச்சலாகி, "அந்த மேடம் ஏன் நின்னுட்டே இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். "நீங்க புரியற மாதிரி பேசுனா உக்காந்துக்குவாங்க" என்றேன். மனிதர் ஊருக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்தார். பழனியம்மாள் உட்கார்ந்தார்.

இப்படி எல்லாரையும் பேச வைத்தவர், தான் மட்டும் பேச மாட்டார். ஒவ்வொரு ஆண்டும் நச்சரிப்பேன். "எனக்கெதுக்குங்க அதெல்லாம்? நா பேசி முடிக்கறதுக்குள்ள உங்க பிரியாணி ஆறிப்போயிருமுங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பி நானும் விட்டுவிடுவேன்.

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். முகம் கன்றியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அவர் வடிவமைத்த புதிய பம்பைப் பற்றி வெளியூர் வாடிக்கையாளர்கள் வீடியோ அழைப்பில் கேட்டிருக்கிறார்கள். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், அதை இம்பெல்லர் என்போம். அதன் இதழ் நுனிகளைப் பழனியம்மாள் லேசாக உள்பக்கம் திருப்பியிருந்தார். ஏன் என்று கேட்டார்கள். இவர் வாயைத் திறந்திருக்கிறார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. மேலாளர் எட்டி இவருடைய மைக்கை அணைத்துவிட்டு, உலோகம் மிச்சம் பிடிக்கத்தான் என்று தானே சொல்லி முடித்துவிட்டார்.

"அது அதுக்கில்லீங்க மேரி! என்ற பம்புங்க அது. ஒண்ணுந் தெரியாம அந்தாளு சொல்றாரு, நா பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருக்கறேன்." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அழவில்லை. டம்ளரை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு சொன்னார்: "இந்த வருசம் மாநாட்டுல அந்தப் பம்பப் பத்தி நானே பேசறனுங்க."

காலை பதினொரு மணிக்கான இடத்தை அவருக்குக் கொடுத்தோம். மாநாட்டிலேயே கூட்டம் நிரம்பி வழிகிற நேரம் அதுதான். கடைசி ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை அவருடையது. எங்கே திக்குகிறது என்று பார்க்க வேண்டும், கைப்பேசியில் பிடித்து வையுங்கள் என்று அவரே சொன்னார். பிடித்தேன். நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, அவர் போய்விட்டார்.

மாநாட்டை நிறுத்திவிடலாம் என்றேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணனே ஒப்புக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஒத்திகைப் பதிவைப் போடலாம் என்று முடிவானது. அங்கே வந்தது சண்டை. எங்கள் குழுவில் பாலு என்று ஒருவர், கிரைண்டர் கம்பெனிக்காரர், பழனியம்மாள் மேல் உயிரையே வைத்திருந்தவர். "திக்கற எடத்தையெல்லாம் வெட்டிட்டு நீட்டாப் போடலாமுங்க. செத்த பொறகாச்சும் அக்கா கெத்தாப் பேசட்டுமே" என்றார். அன்பில் சொன்னதுதான். எனக்கு வந்த கோபத்தில் அவரை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. கடைசியில் இருவரும் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டோம்.

அவர் முழுவதும் கேட்டார். தன் மளிகைக்கடையைக் காரியம் முடியும்வரை திறக்காமல் வைத்திருந்தார். கூடத்தில் ஒதுக்கிவைத்த சாமான் மாதிரி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அத வெட்டிப்போட்டா அது என்ற பழனி இல்லீங்களே, தம்பி. கண்ணாலம் ஆன நாள்லருந்து நா அந்தத் திக்கலத்தானுங்க கேட்டுட்டு இருக்கறேன். அவ ஒரு வார்த்தைக்குத் தவிக்கறப்ப நா எடுத்துக் குடுத்தா அன்னைக்குச் சோறு கெடையாது. 'இரு, நானே சொல்றேன்'னு சொல்லுவா. இப்ப ஊடே சத்தமில்லாமக் கெடக்குது." அவ்வளவுதான் பேசினார். பாலு அவர் காலடியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். ஒன்றையும் வெட்டவில்லை.

நேற்று மாநாடு நடந்தது. பதினொரு மணிக்கு நான் மேடையேறி அவர் பெயரைச் சொன்னேன். விளக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

திரையில் பழனியம்மாள் கேன்டீன் கணினி முன் உட்கார்ந்திருந்தார். "வணக்கமுங்க. என்ற பேரு ப..." என்றார். நின்றது. மறுபடி, "ப..." கண்களை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. அரங்கம் முழுவதும் அசையாமல் காத்திருந்தது. முன் வரிசையில் அவருடைய மேலாளரும் இருந்தார், அவரும் காத்திருந்தார். "பழனியம்மாளுங்க." மூச்சு விட்டார். சுட்டியைக் கையில் எடுத்தார். "இது நா வரஞ்ச பம்புங்க."

வரைய ஆரம்பித்ததும் திக்கல் குறைந்துவிட்டது. கை ஓட ஓடப் பேச்சும் கூடவே வந்தது. இத்தனை வருடம் பழகிய எனக்கே அந்த ஒத்திகையன்றுதான் அது தெரிந்தது. தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் சத்தம் போடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் ஒரு கேலிகூடச் செய்தார், அரங்கம் சிரித்தது. இதழின் நுனிக்கு வந்தார். அதை மெல்ல உள்பக்கம் வளைத்தார். "இத எதுக்கு இப்படித் திருப்புனேன்னா..." என்றவர், சட்டென்று கைப்பேசியை, அதாவது என்னைப் பார்த்தார். வெட்கமும் சந்தோசமுமாக முகம் பூரித்திருந்தது. "போதுமுங்க மேரி. பேச வருதுங்க எனக்கு. மீதிய மேடையிலயே சொல்லிக்கறேன்."

பதிவு அதோடு முடிந்தது. பாதி இம்பெல்லர் திரையில் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. நடு வரிசையில் அந்தியூரிலிருந்து வந்திருந்த ஒருவர், எங்கள் மாநாட்டுக்கு வழக்கமாக வருகிறவர், கையைத் தூக்கினார். பழக்க தோசத்தில் அவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவர் திரையைப் பார்த்தே கேட்டார்: "ஏனுங்கக்கா, அந்த நுனிய எதுக்குங்க உள்ள திருப்புனீங்க?"

கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மைக்கும் கையுமாக அப்படியே நின்றார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய தொகுப்பாளர் நான். எதற்கும் வாய் மூடாத நான் வாய் மூடி நின்றேன். எனக்குத் தெரியாது. அவர் மேலாளருக்கும் தெரியாது. நாங்களெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடிப்போம், அது நீங்கள் சொல்ல வந்த காரணமாக இருக்காது, பழனியம்மாள்.

போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களத்தானுங்க கேக்கறாங்க. எந்திரிச்சு வந்து பதில் சொல்லுங்க.