அண்ணாவைக் கூப்பிடும் வட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி கேட்டபோது, அழுது வடிக்காமல் எழுது என்றும் சேர்த்தே சொன்னார். அழுது வடிப்பது அண்ணாவுக்கும் பிடிக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணம் பாசையூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் வேறு பிள்ளைகள் இல்லாததால் அவருடைய அதிகாரம் முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தார். எங்கள் தகப்பனார், ஐயா, கடலில் தவறிய பிறகு படிப்பை விட்டு வேலைக்குப் போனார். சண்டை வலுத்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு கனடா வந்து சேர்ந்தார். ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்தால் அதிலிருந்து அவரை அசைக்க முடியாது. இதை அன்போடும் சொல்கிறேன், அனுபவித்தவள் என்ற முறையிலும் சொல்கிறேன்.

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடி வீட்டில் இன்னும் பலரோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அண்ணா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கிருந்த சமையல்காரர் வேலை நேரம் முழுக்க ஒரே ஒருவரின் பாட்டைத்தான் போடுவாராம். அந்தப் பாட்டுக்காரர் அமெரிக்க மலைநாட்டவர், குழந்தையிலேயே கண்பார்வை இழந்தவர். அந்த மலைச் சனங்களின் நாட்டுப்பாடல்களையும், புளூகிராஸ் என்கிற துள்ளல் இசையையும் கிற்றாரில் வாசித்து உலகப் புகழ் பெற்றவர். பேச்சில் அண்ணா அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதேயில்லை. எப்போதும் 'பெரியவர்' என்றுதான் சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சமையல்காரர் அண்ணாவுக்கு ஒரு கசெற்றில் பெரியவரைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். பிரதி எடுத்த இயந்திரத்தில் ஏதோ கோளாறு. கசெற் உள்ளதைவிட வேகமாக ஓடியது, சுருதியும் ஏறியிருந்தது. அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. பெரியவர் இப்படித்தான் வாசிக்கிறார் என்று நம்பிய அண்ணா, அவரை எட்டிப் பிடிப்பதென்று முடிவெடுத்தார். ஒரு பனிக்காலம் முழுக்க வேலை முடிந்து வந்து, சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய கைத்தோல் உரிய உரிய வாசித்தார். கசெற்றின் சுருதிக்கு ஏற்றித் திருகியதில் கிற்றார்த் தந்திகள் அறுந்துகொண்டே இருந்தன. வீட்டில் இருந்தவர்கள் தங்கள் பொறுமையும் அப்படித்தான் அறுகிறது என்றார்கள். அண்ணா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் எட்டிப் பிடித்தேவிட்டார்.

தந்தி வாங்கப் போகும் கடையில் டொறத்தி என்ற அம்மா வேலை பார்த்தார். நீ என்னதான் செய்கிறாய், இவ்வளவு தந்தி அறுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். அண்ணா பெரியவரின் கதையைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டொறத்தியும் பெரியவரின் ரசிகை. அவரைப்போன்ற ரசிகர்கள் பலர் மாதம் ஒருமுறை ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கூடி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பெரியவரின் பாட்டுகளை வாசிப்பார்கள். அண்ணாவையும் வரச் சொன்னார். அண்ணாவுக்கு உள்ளுக்குள் பயம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வட்டத்தில் ஒருவர் மாறி ஒருவர் தனித்து வாசிப்பார்கள். அந்த நேரம் மற்றவர்கள் மெல்லத் தாளம் கொடுப்பார்கள். வாசித்து முடிப்பவர் அடுத்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அதுதான் அழைப்பு. அண்ணாவைப் பார்த்து டொறத்தி தலையாட்டினார். அண்ணா தொடங்கினார். தாளம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். பிறகு ஒருவர் அசல் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். பெரியவர் நிதானமாக, ஆறுதலாக வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார், பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார். இனி ஆறுதலாக வாசிக்கிறேன் என்றபோது அவர்கள் விடவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாட்டை வட்டத்தில் அண்ணா வேகம், சாதா வேகம் என்று இரண்டு விதமாக வாசிப்பார்கள். அவருடைய முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. நீ எப்படிக் கூப்பிடுவாய் என்று என்னைக் கேட்டு, அவரைவிட மூத்தவர்களும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்கள்.

பெரியவர் ஒருமுறை ரொறன்ரோவுக்கு வந்து வாசித்தார். வட்டத்தோடு அண்ணாவும் நானும் போனோம். முடிந்தபின் கைகுலுக்க வரிசையில் நின்றோம். வழி நெடுகச் சொல்லிப் பார்த்த ஆங்கில வசனம் அண்ணாவுக்கு நேரத்தில் வரவில்லை. பெரியவர் அவருடைய இடது கையைக் கேட்டு வாங்கி, விரல் நுனிகளில் காய்த்துப்போன இடங்களைத் தடவிப் பார்த்து, நல்லாய் உழைக்கிறாய் என்று மட்டும் சொன்னார். வீடு வரும்வரை அண்ணா அந்த விரல் நுனிகளைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர் காலமானபோது எங்கள் தமிழ்க் கோயிலில் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். பூசைப் பட்டியலில் எங்கள் பெயர்களுக்கு நடுவே அந்த வெள்ளைக்காரப் பெயரைக் கண்ட பாதர், இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணா யோசிக்காமல், "சொந்தக்காரர், பாதர்" என்றார். ஒவ்வொரு வருடமும் அந்தப் பூசை நடந்தது.

இதற்கிடையில் அண்ணா மணமுடித்து, மிசிசாகாவில் விமான நிலைய வேலைக்குப் போய், மார்க்கம் என்ற நகரில் வீடும் வாங்கி, மகளையும் படிக்கவைத்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை, அதுதான் தன்னைப் பெரிதுபடுத்திக்கொண்டது. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து, சத்திர சிகிச்சைகளும் கைகொடுக்காமல், பார்வை முழுவதும் போய்விட்டது. அண்ணி உடைந்துபோனார். அண்ணா சில கிழமை அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் கிற்றார்ச் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

"பெரியவர் ஒருநாளும் கிற்றாரைப் பார்த்ததில்லை, பிள்ளை. நான் இவ்வளவு காலம் பார்த்து வாசிச்சதுதான் கள்ளம்," என்றார்.

வெள்ளைப் பிரம்போடு நடக்கப் பழகினார். மகள் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டார். கிற்றாரை முதுகில் போட்டுக்கொண்டு மார்க்கத்திலிருந்து பஸ் ஏறி, சப்வே மாறி, வட்டத்துக்குத் தனியாகப் போனார். அண்ணி ஜெபமாலையோடு இருந்தார். நான் அவருக்குத் தெரியாமல் அதே பஸ்ஸிலும் அதே சப்வேப் பெட்டியிலும் ஏறிப் பின்னால் போனேன்.

அன்று வட்டத்தில் நடந்தது எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அழைப்பு தலையாட்டல்தானே. தலையாட்டினால் அண்ணாவுக்கு எப்படித் தெரியும்? முதல் சுற்றில் டொறத்தி தலையாட்டியும் அவர் தாளமே கொடுத்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவர் எடுத்துவிட்டார். இரண்டாம் சுற்றில் தன் முறை என்று நினைத்து இன்னொருவரின் நடுவில் புகுந்துவிட்டார். பாட்டு குழம்பி நின்றது. ஒருவரும் குறை சொல்லவில்லை. பரவாயில்லை, நீ தாளம் மட்டும் கொடு, அதுவே போதும் என்று ஒருவர் தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்குச் சுட்டது. இத்தனை வருட உழைப்பையும் இனி ஓரத்தில் இருந்து தட்டித் தீர்க்க வேண்டுமா? கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று எழும்பினேன்.

அண்ணா அசையவில்லை. கிற்றாரை மடியில் வைத்தபடி, உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் உடையாத குரலில் கேட்டார். பெரியவர் இன்றைக்கு இந்தக் கதவால் வந்து இந்த நாற்காலியில் இருந்தால் நீங்கள் அவருக்கும் தலையாட்டுவீர்களா என்றார். அவரையும் தாளம் மட்டும் கொடுக்கச் சொல்வீர்களா என்றார். பிறகு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நான் வாசிக்கிறேன் என்றார்.

டொறத்தி கண்களைத் துடைத்தார். இவ்வளவு காலமாகக் கண் தெரியாத ஒரு மனிதரைக் கொண்டாடுகிறோம், அவர் வந்தால் இருக்க எங்களிடம் ஓர் இடம் இல்லாமல் போயிற்றே என்று சொன்னார். பிறகு பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். தன் வாசிப்பு முடிந்ததும் உரத்த குரலில் "அண்ணா!" என்று கூப்பிட்டார். அண்ணா எடுத்தார். தந்தி அறுக்கும் அதே வேகம். அண்ணாவை மட்டும் கூப்பிட்டால் அது தனிக் கவனிப்பாகிவிடும் என்று அன்றிலிருந்து எல்லோரையும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அங்கே தலையாட்டுகிற வழக்கமே நின்றுவிட்டது. திரும்பி வரும்போது, சப்வேயில் எனக்கு நேர் எதிரே இருந்த அண்ணா, இனிப் பின்னால் வராதே, உன்ர சப்பாத்துச் சத்தம் எனக்குத் தெரியும் என்றார்.

சிறுநீரகமும் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கப் போகும் நாட்களிலும் வட்டத்தைத் தவறவிடவில்லை. கடைசி மாதம் மட்டும் போக முடியவில்லை. வட்டம் வைத்தியசாலைக்கு வந்தது. போர்வைக்கு மேல் அவருடைய இடது கைவிரல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன.

அண்ணாவின் உடலை மலர்ச்சாலையில் பார்வைக்கு வைத்திருந்தபோது வட்டத்தினர் வாத்தியங்களோடு வந்தார்கள். செத்த வீட்டில் துள்ளல் பாட்டா என்று சித்தப்பா தயங்கினார். அண்ணி நிமிர்ந்து, "அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர் மாமா, வாசிக்கட்டும்," என்றார். பெட்டியைச் சுற்றி வட்டமாக இருந்து, அண்ணா வேகத்தில் வாசித்தார்கள். விரல்கள் தடுமாறின, ஆனாலும் ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. டொறத்தி முடித்துவிட்டு "அண்ணா!" என்று கூப்பிட்டார். எல்லோரும் தாளத்துக்கு இறங்கினார்கள். அண்ணா வழக்கமாக வாசிக்கும் நேரம் முழுவதும் தாளம் மட்டுமே ஓடியது. அந்த இடத்தை ஒருவரும் நிரப்பவில்லை. சித்தப்பாவின் கால் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

அண்ணாவின் நோயில் பணிவிடை செய்த வைத்தியர்கள், தாதியர், திருப்பலி நிறைவேற்றிய பாதர், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்கள், தூர நாடுகளிலிருந்து வந்தும் பேசியும் ஆறுதல் தந்த உறவுகள், வட்டத்து அன்பர்கள் எல்லோருக்கும் அண்ணியும் மகளும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

ஒன்று மட்டும் மிச்சம். இந்த ஓராண்டும் வட்டத்தில் அண்ணாவின் நாற்காலியைப் போட்டு, முறை வரும்போது அவரைக் கூப்பிட்டு, அவருக்காகத் தாளம் கொடுத்திருக்கிறார்கள். தமிழர்கள் ஓராண்டோடு துக்கத்தை முடித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, இனி நிறுத்த வேண்டுமா என்று டொறத்தி போன கிழமை என்னிடம் கேட்டார். துக்கத்தை முடித்துக்கொள்கிறோம், நீங்கள் அண்ணாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புத் தங்கை