அம்மா பெயருக்கு நேரே இருந்த கோடுகள்

அந்தத் தாளைத் தயாரித்தவள் நான்தான். கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட பக்கம் ஒன்றைக் கிழித்து, ஸ்கேல் வைத்து மூன்று பத்திகளாகப் பிரித்தேன். ஒன்றில் என் பெயர், அடுத்ததில் தம்பி பெயர், கடைசியில் ‘அம்மா’. அப்பாவுக்குப் பத்தி கிடையாது. மேலே அப்பா சொல்லச் சொல்ல விதியை எழுதினேன்: வீட்டுக்குள் தமிழில் பேசினால் ஒரு கோடு. ஆப்பிள் வடிவக் காந்தம் ஒன்றை வைத்து அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். எனக்கு வயது பத்து. நாங்கள் காஞ்சிபுரத்தை விட்டு ஜெர்மனிக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோடுகள் நேராக இருந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். அந்த நிறுவனம் அவரைத் தன் ஜெர்மன் தொழிற்சாலைக்கு மாற்றியது. முதலில் இரண்டு வருடம் என்றார்கள், அது பதினைந்து வருடமானது. போனதும் என்னைச் சேர்த்த பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் அதைப் படித்தார். மூன்றாம் நாள் எங்களை உட்காரவைத்து, இனி வீட்டில் ஜெர்மன் மட்டும்தான் என்றார். அம்மா சிரித்தாள். “அப்ப நான் ஊமையா?” என்றாள். அப்பா சிரிக்கவில்லை.

தண்டனைகளும் வகுக்கப்பட்டன. பத்துக் கோடு விழுந்தால் எனக்குச் சனிக்கிழமை கார்ட்டூன் கிடையாது. தம்பிக்கு வயது இரண்டு, அதனால் தண்டனை இல்லை. ஆனால் அவனிடம் யாரும் தமிழில் பேசக் கூடாது. அம்மா டிவி பார்ப்பதில்லை. அவளிடம் எடுத்துக்கொள்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஞாயிறு மதியம் தன் ஊரான ஐயம்பேட்டையில் இருந்த பெரியம்மாவுடன் பேசும் அரை மணி நேரம். பத்துக் கோடு விழுந்தால் அந்த வாரம் அந்த ஃபோன் கிடையாது.

நான் நேர்மையான பிள்ளை. எண்ணெய் தெறித்து அம்மா “ஐயோ” என்றால் கோடு. தம்பி விழும்போது அவள் “கண்ணு, அழாத” என்றால் இரண்டு கோடு. ஒருமுறை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். அது பாட்டா பேச்சா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவிடம் கேட்டேன். பேச்சாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பத்தியைக் கூட்டிச் சொல்வேன். அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள். எத்தனை ஞாயிறுகள் அப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. எதையும் எண்ணிவைக்கிற நான் அதை மட்டும் எண்ணவில்லை.

தாள் ஒரு வருடத்துக்குள் கீழே வந்துவிட்டது. அதற்கு மேல் அது தேவைப்படவில்லை.

அந்த ஒரு வருடத்தில் வீட்டில் யாருக்கு என்ன மொழி மிஞ்சியது என்று பல முறை பட்டியலிட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஜெர்மன் வந்தது, தமிழும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தொழிற்சாலை ஜெர்மன் வந்தது. தம்பிக்கு ஜெர்மன் மட்டும். அம்மாவுக்கு வீட்டில் பேச வாய்த்த ஜெர்மன் சொற்கள் இவை: வா, சாப்பிடு, சூடு, காலணி, கையைக் கழுவு, நேரமாச்சு, அங்கே போகாதே, போதும், தூங்கு. தம்பி இந்தச் சொற்களைக் கேட்டுத்தான் வளர்ந்தான். அவனுக்குத் தெரிந்த அம்மா முழுக்க முழுக்கக் கட்டளைகளால் ஆனவள். அவள் கேலி பேசுவாள், ஆள் நடக்கிற மாதிரி நடித்துக் காட்டுவாள், ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மூன்று தெரு சுற்றித்தான் விஷயத்துக்கே வருவாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிய வழியே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பும் உருவானது. ‘அம்மாவுக்கு மொழி வராது.’ அப்பா அதை வருத்தத்தோடு விருந்தாளிகளிடம் சொல்வார். நான் தலையாட்டுவேன்.

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு நாள் பள்ளி முடிந்து பேருந்தில் ஏறினேன். பின் இருக்கைகளில் நான்கு பெண்கள். நாங்கள் இருந்த ஊரின் முதியோர் இல்லத்தில், சலவைப் பிரிவில் அம்மாவோடு வேலை பார்ப்பவர்கள். நடுவில் அம்மா. அவள் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவள் தோளில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா குரலை மாற்றி இன்னொரு ஆளாகப் பேசிக் காட்ட, எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நான்கு வருடத்துக்குப் பிறகு என் அம்மா பேசுவதைக் கேட்கிறேன், ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அது துருக்கி மொழி. சலவை மேசையில் துணி மடித்தபடியே அந்தப் பெண்களிடம் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள், நாங்கள் யாரும் அறியாமல். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். முகம் வீட்டு முகமாக மாறியது. தனக்குத் தெரிந்த ஜெர்மனில், “பள்ளி முடிந்தது?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டேன். நான் அன்று யோசித்தது இதுதான்: விதி தமிழுக்குத்தான், துருக்கிக்கு இல்லை, ஆகவே இது தவறில்லை. பதினான்கு வயதில், தாள் கீழே வந்து மூன்று வருடம் ஆன பிறகு, நான் அப்படித்தான் யோசித்தேன்.

பத்தொன்பது வயதில் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பழைய கோப்பு ஒன்றைக் குடைந்தபோது அந்தப் பள்ளிக் கடிதம் கிடைத்தது. ஒரே பக்கம். குழந்தை நன்றாகப் பழகுகிறாள் என்று ஆரம்பிக்கிறது. முடிந்தால் வீட்டில் தினமும் பத்து நிமிடம் ஒரு ஜெர்மன் கதைப் புத்தகம் வாசிக்க வையுங்கள், வகுப்பில் உதவியாக இருக்கும் என்கிறது. அன்புடன் முடிகிறது. அவ்வளவுதான். நான் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

கடிதத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இதில் எங்கே தமிழ் பேசாதே என்று இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

“‘முடிந்தால்’னு இருக்கு பாரு.”

“பார்த்தேன்.”

“நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட அவங்க ‘முடிந்தால்’னு சொன்னா, செஞ்சே ஆகணும்னு அர்த்தம்மா. பத்து நிமிஷம் கேட்டா நாம முழு நாளும் குடுக்கணும். அப்பதான் நம்மள உட்கார விடுவாங்க.”

அவர் எங்கிருந்து பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும். முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகன். காஞ்சிபுரத்துக்குப் படிக்க வந்த புதிதில், வகுப்பில் தாமதமாக நுழைந்தவரை எங்கே போனாய் என்று வாத்தியார் கேட்க, “பஸ்சுக்கு நின்னுக்கினு இருந்தேன் சார்” என்று சொல்லியிருக்கிறார். வாத்தியார் வகுப்பைப் பார்த்து, “வாயத் தொறந்தா போதும், எந்தத் தெருன்னு தெரிஞ்சிடும்” என்றாராம். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அப்பா எந்தத் தெரு என்று தெரியாதபடி பேசப் பழகினார். தன் வீட்டிலும், தன் அம்மாவிடமும்கூட. மேலே போக வேண்டுமென்றால் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவருக்கு யாரோ அந்த வயதில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்த வாத்தியார்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அப்பாவைப் புரிந்துகொண்டதால் அப்பாமீதான கோபம் ஒரு துளியும் குறையவில்லை. தன் வாயில் இருந்ததை அவர் துப்பியது அவர் இஷ்டம். அம்மா வாயில் கையை விட்டு எடுத்ததற்கு அவருக்கு என்ன உரிமை? அதற்கு என் கையை ஏன் பயன்படுத்தினார்?

நான் இப்போது மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் பொறியாளர். பிழை எங்கே நுழைந்தது, எவ்வளவு காலம் இருந்தது, யாரைப் பாதித்தது என்று வரிசையாக எழுதுவது என் வேலை. இந்தப் பிழைக்கு அப்படி ஓர் அறிக்கை எழுத முயன்றிருக்கிறேன். ‘யாரைப் பாதித்தது’ என்ற இடத்தில் தம்பி பெயரை எழுதியதும் பேனா நின்றுவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் வேலை முடிந்து அவரும் அம்மாவும் காஞ்சிபுரத்துக்கே திரும்பினார்கள். பிள்ளையார்பாளையம் பக்கம், இரண்டு புறமும் தறி ஓடும் வீடுகளுக்கு நடுவே வாடகை வீடு. இந்த ஜனவரியில் நானும் தம்பியும் விடுமுறைக்கு வந்தோம். அவனுக்கு இப்போது பத்தொன்பது. மரவேலை கற்றுக்கொண்டிருக்கிறான். விவரம் தெரிந்த பிறகு இந்த ஊருக்கு அவன் வருவது இதுதான் முதல் முறை.

வந்த மறுநாள் காலை நாங்கள் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் அம்மாவும் பூக்காரம்மாவும்.

“மொழம் போடச் சொன்னா ஜாண் போட்டுக்கினு கீற? கை சின்னதா பூடுச்சா உனுக்கு?”

“ஜெர்மன்காரம்மா, அங்க பூவ கிலோவுலயா குடுத்தாங்கோ?”

“அங்க பூவே இல்லம்மா. அதான் வந்துக்கீறேன். ஒழுங்கா அள.”

“அளக்குறேன், அளக்குறேன். உன் வாய அளக்கத்தான் மொழம் பத்தாது.”

பூவை வாங்கியதும் அம்மா அடுத்த வீட்டு நெசவாளர் மனைவியுடன் தெலுங்கில் பேச ஆரம்பித்தாள். சிறுமியாக இருந்தபோது ஐயம்பேட்டையில் ஒரு தெலுங்குக்காரர் வீட்டில் தறிக்கு நூல் சுற்றப் போவாளாம். அங்கே காதில் விழுந்தது அப்படியே இருக்கிறது. தமிழ், தெலுங்கு, துருக்கி. மொழி வராத அம்மா.

தம்பி காபியை வைத்துவிட்டான். அம்மா பேசிய ஒரு சொல்லும் அவனுக்குப் புரியவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று நாள் அப்படியே பார்த்தான். கடையில், ஷேர் ஆட்டோவில், வந்த உறவுக்காரர்களோடு. நான்காம் நாள் என்னிடம் ஜெர்மனில் கேட்டான். இவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்கு ஏன் தெரியாது? எல்லோரிடமும் பேசுகிறாளே, என்னிடம் மட்டும் ஏன் பேசியதே இல்லை? சின்ன வயதில் என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சாதாரணமாகத்தான் சொன்னான். பல வருடம் உள்ளே வைத்துப் பழகிய விஷயத்தைச் சொல்வதுபோல.

அம்மாவிடமே கேள் என்றேன். நீ மொழிபெயர்த்துச் சொல் என்றான். எப்போதும் நான்தான் சொல்வேன். டாக்டரிடம், பள்ளியில், ஃபோனில், இவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று இருபக்கமும் புண்படாதபடி வாக்கியங்களைச் சுருக்கி மழுப்பிக் கடத்துவது என் வேலையாக இருந்தது. இந்த முறை முடியாது என்றேன். அப்பா இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

மதியம் சாப்பிட்டு முடித்து நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தம்பி கேள்வியைக் கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்கப்பா,” என்றேன்.

“நீதான நல்லா சொல்லுவ.”

“ஆமா. ஆனா இது நீங்க சொல்லவேண்டியது.”

அவர் மேல்துண்டை மடித்தார், பிரித்தார். பக்கத்து வீட்டுத் தறி நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. கடைசியில் அம்மாவைப் பார்க்காமல், சின்ன வயதில் நீ ஏன் தன்னோடு பேசவில்லை என்று கேட்கிறான் என்றார். பிடிக்கவில்லையோ என்று அவன் நினைத்த பகுதியை விட்டுவிட்டார். “மிச்சத்தையும் சொல்லுங்க,” என்றேன். சொன்னார்.

 அம்மா தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை விரலால் எடுத்தாள். பிறகு தம்பியை நேராகப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

“பேசாமயா இருந்தேன்? உன்ன குளிக்க வைக்கும்போது பேசுவேன். கொழாய தொறந்து உட்டுக்கினு பேசுவேன், தண்ணி சத்தத்துல வெளிய கேக்காதுல்ல. அக்கா கேட்டா கோடு போட்டுடுவா. அவ கொழந்த, அவளுக்கு இன்னா தெரியும். உங்கப்பன் சொன்னத செஞ்சா. உனுக்கு என் ஊரு, எங்கக்கா, எங்க ஏரி எல்லாம் சொல்லுவேன். நீ சிரிப்ப. ஒரு நாளு நீ ‘அம்மா, தண்ணி’ன்னு தமிழ்ல சொன்ன. வெளிய வந்தும் அத்தயே சொல்லிக்கினு இருந்த. மாட்டிக்குவோம்னு பயந்துகினு அதோட நிறுத்திட்டேன். அப்புறம் கொழாய மட்டும் தொறந்து உடுவேன். உன்ன புடிக்காமயா. உங்கிட்ட பேசத்தான் எனுக்கு பயமா இருந்துச்சு.”

நான் அறியாத விஷயம் இது. குளியலறைக் கதவு, உள்ளே தண்ணீர்ச் சத்தம், வெளியே பென்சிலோடு நான். இவ்வளவு நேரம் அப்பாமீது குவித்து வைத்திருந்த கோபத்தில் எனக்கு உரிய பங்கு பிரிந்து என் பக்கம் வந்து நின்றது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பியிடம் ஜெர்மனில் ஒரே வாக்கியம் சொன்னார். அவள் பேசினாளாம், உனக்கு ஞாபகம் இல்லையாம்.

தம்பி அப்பாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அத்தனை நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்பது அவன் முகத்தில் இருந்தது.

“முழுசா சொல்லுங்கப்பா,” என்றேன். “பயந்ததையும் சொல்லுங்க. நான் கோடு போட்டதையும் சொல்லுங்க. யார் போடச் சொன்னாங்கன்றதையும் சொல்லுங்க.”

“அவ்ளோ நீளமா எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

பொய். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா நகர்ந்து, அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஞாபகம் இல்லன்னா இன்னா, நான் மறுக்கா சொல்றேன். ஒண்ணொண்ணா சொல்றேன், நீ ஒண்ணொண்ணா அவனுக்கு சொல்லு,” என்றாள். “மொதல்ல இத சொல்லு. பேசாமயா இருந்தேன்?”

அப்பா சொன்னார். தம்பி தலையாட்டும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு அடுத்ததற்குப் போனாள்.