ஒன்பது டெலிபோன் அடித்த வீடு

1957, ஆகஸ்ட் முதல் வாரம். வெள்ளைக்காரர் ஆட்சி முடிந்து நாடு சுதந்திரம் பெறப்போகும் மாதம். காஜா பெராங்கில் தேவதாஸ் குடியிருந்த வாடகை வீட்டுக்குள் ஓர் ஆஸ்பத்திரியே வந்து இறங்கியிருந்தது. கட்டிலில் டாக்டர் அறை, தையல் மெஷின் மேல் மருந்துக் கிடங்கு, அரிசி டின் மேல் சமையற்கட்டு, ஜன்னலோரம் பிரசவ வார்டு. மொத்தம் ஒன்பது டெலிபோன்கள். எல்லாவற்றின் கம்பிகளும் நடுக்கூடத்து சுவிட்ச்போர்டில் போய்ச் சேர்ந்தன. எதிர்வீட்டு அஞ்சலை எட்டிப் பார்த்து, "இது வீடா, டெலிபோன் ஆபீஸா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தேவதாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறி ஏறிக் காய்த்துப்போன கால் அது. டெலிபோன் இலாகாவின் வெள்ளைக்கார துரை ஊருக்குக் கப்பலேறப் போகிறார். புது ஆஸ்பத்திரியின் சுவிட்ச்போர்டு திங்கட்கிழமை அவர் முன்னால் பிசகாமல் வேலை செய்தால் தேவதாஸ் ஃபோர்மேன். பிசகினால் மறுபடியும் கம்பம்தான். ஆஸ்பத்திரிச் சுவர்களில் கம்பி இழுத்து முடிக்க ஞாயிறு ஆகிவிடும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவனால் முடியுமா? மொத்த ஆஸ்பத்திரியையும் ஒரே கூடத்தில் வைத்துச் சோதித்துவிடலாம் என்று ஸ்டோரில் கெஞ்சிக் கூத்தாடிச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

சனிக்கிழமை காலை. அவன் போர்டில் ஒரு துளையில் பிளக்கைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றுவான். எங்கோ மணி அடிக்கும். மனைவி விஜயா ஓடிப்போய் எடுப்பாள். டாக்டருக்குக் கரகரப்பான குரல், மருந்துக் கிடங்குக்கு மூக்கடைத்த குரல். அவளுக்கு ஒரே கும்மாளம்.

ஒன்பதைச் சுற்றினான். விஜயா நடுக்கூடத்தில் திகைத்து நின்றாள்.

"என்னங்க, ரெண்டு அடிக்குதே! எதை எடுக்க?"

ஜன்னலோரமும் அரிசி டின்னும் சேர்ந்து அலறின.  போர்டின் பின்பக்கம் குனிந்து பார்த்த தேவதாஸ் அசடு வழிந்தான். ஆஸ்பத்திரிப் பட்டியலில் பிரசவ வார்டுக்கு எட்டு. பிள்ளை பெறும் இடத்துக்குப் போய் எட்டா என்று மனசு கேட்காமல் அதை ஒன்பதுக்கு மாற்றியிருந்தான். ஒன்பதில் ஏற்கெனவே சமையற்கட்டு இருந்ததை மறந்தே போனான்.

"சமையற்கட்ட பத்துக்குத் தள்ளிட்டா சரியாப் போச்சு," என்றான்.

"பட்டியல் நர்சுங்க கையிலயும் தொர கையிலயும் இருக்கு. அவரு எட்டச் சுத்தினா யாரு எடுப்பா?"

"எட்டு ஆகாது விஜயா."

"சுதந்திரமே எட்டாம் மாசத்துலதான் வருது. அதையும் ஒம்பதுக்குத் தள்ளச் சொல்லுவீங்களா?"

 தேவதாஸ் வெடித்துச் சிரித்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிரசவ வார்டின் கம்பியைக் கழற்றி எட்டில் முடுக்கினான். சுற்றினான். ஜன்னலோரம் மட்டும் அடித்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் துரை பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே வந்தார். எட்டு வந்தபோது தேவதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நர்ஸ் எடுத்துவிட்டாள். துரை ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன பிசகோ என்று தேவதாஸுக்கு வியர்த்தது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ரிசீவரை அவன் காதில் வைத்தார்.

உள்ளே, சற்று முன் பிறந்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"இனி இது உன் போர்டு, ஃபோர்மேன்," என்றார் துரை. தேவதாஸுக்கு ரிசீவரைக் கீழே வைக்க மனசே வரவில்லை.