வரப்புக்கு அந்தப் பக்கம் ஓடி வந்தவர்கள்

எங்கள் நிலத்தை ஒட்டிய ஒன்றரை ஏக்கரில் பல வருஷமாக வேலிக்கருவேல்தான் மண்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். உத்திரமேரூரில் காலையில் சேர்ந்து ஓடுகிற ஒரு கூட்டத்துக்கு அதைப் பயிர் வைக்கக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. சந்தேகம் அப்புறம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரை வழியாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடியே வருவார்கள். வந்த வேர்வையோடு குனிந்து களை எடுப்பார்கள். பறித்த கத்தரிக்காயையும் கீரையையும் ஒரு முதியோர் இல்லத்து வண்டியில் ஏற்றிவிட்டு மறுபடி ஓடிப் போய்விடுவார்கள். கூலி கிடையாது. நூறு நாள் வேலைக்கே நிழல் தேடி உட்காருகிற ஊர் இது. ஓடி வந்து சும்மா வேலை செய்கிறவர்களை நான் எப்படி நம்புவேன்?

"பிளாட் போடத்தான் பாக்குறானுங்க. மொதல்ல கத்திரிச்செடி நடுவானுங்க, அப்பால கல்லு நடுவானுங்க" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் பாதி வயல் அப்படித்தான் போயிருக்கிறது. அதனால் அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அவர்கள் கையில் கட்டியிருந்த கடிகாரம் ஓடிய பாதையை அப்படியே படமாக வரைந்து காட்டும் என்று என் மகள் சொன்னதும், நிலத்தைத்தான் அளக்கிறார்கள் என்று தூக்கமே போயிற்று.

பிறகு ஒரு நாள் எங்கள் வரப்போரம் மூன்று குச்சிகள் நட்டிருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வரப்பில் பூட்ஸ் தடம் வேறு. குச்சிகளைப் பிடுங்கி எறிந்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி நின்றன.

தூரத்தில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, உள்ளே போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ஒரு விளையாட்டு டீச்சர். முப்பது வயசுதான் இருக்கும். அவரிடம் போய், "நானும் ஓட வரலாமாம்மா?" என்று கேட்டேன். அவர் பின்னால் நின்ற வாலாஜாபாத் துணிக்கடை பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். "தாராளமா வாங்கக்கா" என்றார் டீச்சர். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

நாற்பத்து நாலு வயசில், மகளுடைய பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு, சுடிதாரில் நான் ஓடியதைப் பார்க்க மதகுப் பக்கம் ஒரு கூட்டமே நின்றது. முதல் வாரம் பாதிக்கு மேல் நடைதான். டீச்சர் எனக்காக வேகத்தைக் குறைத்துக் கூடவே வந்தார். அக்கறையா, காவலா என்று தெரியவில்லை. மூன்றாவது வாரம் மூச்சு கொஞ்சம் பிடிபட்டது. ஏரித் தண்ணீரின் மேல் காற்று வர, பத்துப் பேர் காலடியோடு என் காலடியும் ஒன்றாக விழுந்தபோது, வேவு பார்க்க வந்ததை ஒரு நிமிஷம் மறந்துதான் போனேன். உடனே என் மேலேயே கோபம் வந்தது.

பண்ணையில் எனக்கு வெண்டைப் பாத்தி. கையில் களைக்கொத்து இருந்தாலும் கண் பாய் மேல்தான். அவர் மட்டும் களை எடுக்காமல் எங்கள் வரப்புப் பக்கமே போவார். நாலாவது வாரம் பின்னாலேயே போனேன். குனிந்து, கடையில் துணி அளக்கிற டேப்பை வரப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் அளந்துகினு கீறீங்க எங்க நெலத்த?"

அவர் பதறி நிமிர்ந்தார். "ஒண்ணுமில்லமா..."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு டேப்பு? யாருக்கு விக்கப் போறீங்க?"

என் சத்தம் கேட்டு டீச்சர் ஓடி வந்தார். "அக்கா, நாங்க எதையும் விக்கல. நீங்களே பாருங்க" என்றார். ஒரு நைலான் கயிற்றை எடுத்து, வரப்பின் இந்தக் கோடியில் இருந்த சர்வே கல்லில் ஒரு முனையைக் கட்டினார். பாய் மறு முனையோடு அந்தக் கோடிக் கல்லுக்கு நடந்தார். கயிறு விறைப்பாக நின்றது. எங்கள் வரப்பு அப்படி நேராக நிற்கவில்லை. நடுவில் வயிறு தள்ளி, அவர்கள் நிலத்துக்குள் மூன்று முழம் போயிருந்தது.

"ஒவ்வொரு வாட்டி ஒங்க டிராக்டர் ஓட்டுறப்பவும் அந்தப் பக்கம் சீவி இந்தப் பக்கம் மண்ணு ஏத்துறாங்கக்கா. ஒரு வரிச வெண்டையே காணோம். அதுக்குத்தான் அளந்து குச்சி நட்டு வச்சோம். நீங்க ஓட வரேன்னதும், எங்கள வேவு பாக்கத்தான் வரீங்கன்னு நெனச்சோம்."

அவர்கள் நினைத்தது சரிதான். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சோற்றில் இருந்து கையை எடுக்கவில்லை. "ஊர்ல எல்லாம் பண்றதுதான். சும்மா கெடந்த எடம், சும்மா வர்ற ஆளுங்க. அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"எனக்குக்கூடத் தெரியாதே. என்னையும் அவங்கள மாதிரிதான் நெனச்சீங்களா?"

அவர் தட்டோடு எழுந்து போனார். பிளாட், கல் என்று அவர் சொன்னதெல்லாம் அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என்னை அந்தப் பக்கம் பார்க்கவைத்துவிட்டு இந்தப் பக்கம் உழுதிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியை நான்தான் முதலில் போட்டேன். கல்லுக்குக் கல் கயிறு கட்டி, பழைய வரப்பை வெட்டி, மண்ணைக் கூடையில் எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டி மிதித்தோம். வீட்டுக்காரர் பம்ப்செட் நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதி வேலை ஆனபின் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு கூடையைத் தூக்கினார். வெட்கமா, பத்துப் பேர் முன்னால் வேறு வழியில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

இப்போதும் வாரம் தவறாமல் ஓடுகிறேன். வழியில் எங்கேயும் நடக்காமலே போய்ச் சேருகிறேன். ஆனால் சில சமயம் நான் பக்கத்தில் போனதும் அவர்கள் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. என்ன பேசினார்கள் என்று நினைத்துக்கொண்டே களை எடுக்கிறேன்.