அந்தோனியாருக்கு வைத்த அடையாளம்

தாழைமுனையில் கல்யாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் வீடியோவுக்கு றொசாந்தனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, பிறகு அவனோடு சண்டையும் பிடிப்பார்கள். அழுகிற முகத்தை அவன் முன்னால் நின்று எடுக்கமாட்டான் என்பதுதான் சண்டைக்குக் காரணம். மணப்பெண் தாயைக் கட்டிப்பிடித்து விம்முகிற கட்டம் வந்தால் போதும், அவனுடைய கமரா மெல்ல நழுவி மேசையில் இருக்கிற பூச்சாடியில் போய்க் குந்திக்கொள்ளும். "நான் அழுதது ஒண்டும் வீடியோவிலை இல்லை, பூச்சாடிதான் கிடக்கு" என்று ஒரு மணப்பெண்ணின் தாய் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். றொசாந்தன் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு கேட்பான். அடுத்த கல்யாணத்திலும் பூச்சாடியைத்தான் எடுப்பான். அவ்வளவு பிடிவாதக்காரன்.

அந்தப் பிடிவாதம் முகாமில் வந்தது. போரில் இடம்பெயர்ந்து போய்க் கூடாரத்தில் கிடந்த நாட்களில், சாப்பாட்டுப் பொதிக்கு வரிசையில் நின்ற அவனுடைய அம்மா, பொதி கைக்கு வந்ததும் என்ன நினைத்தாரோ, வாய்விட்டு அழுதுவிட்டார். எங்கிருந்தோ வந்த ஒரு கமராக்காரன் முகத்துக்கு நேரே வந்து நின்று அதை எடுத்துக்கொண்டு போனான். செய்தியில் அது திரும்பத் திரும்ப ஓடியது. பிறகு அம்மா எந்த வரிசையிலும் போய் நிற்கவில்லை. மன்னார் ரவுனில் ஒரு ஸ்ரூடியோவில் கமரா பழகிய தன் மகன் அந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டும் என்றுகூடச் சொன்னார். அவன் தொழிலை விடவில்லை, அந்த ஒன்றை மட்டும் விட்டான். அம்மா செத்த பிறகும் அதை மாற்றவில்லை.

சனம் ஊருக்குத் திரும்பியபோது கோயிலுக்குக் கூரை இல்லை. தகரத்தைப் போட்டு, ஓட்டை விழுந்த சுவரைச் சீமெந்தால் அடைத்து, புனித அந்தோனியாரின் சுருவத்தைத் திரும்பவும் பீடத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்தார்கள். காணாமற் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்பது வேதக்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தாழைமுனைச் சனம் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பும். திருவிழாப் பூசையில் நற்கருணை வாங்கி முடிந்ததும், எதையாவது தொலைத்தவர்கள் அதன் அடையாளம் ஒன்றைக் கொண்டுவந்து சுருவத்தின் காலடியில் வைப்பார்கள். மாடு தொலைந்தால் கயிறு, வலை போனால் மிதவைக் கட்டை, ஒரு தோடு தொலைந்தால் மற்றத் தோடு. கோபித்துக்கொண்டு ஓடிப்போன மருமகனுக்காக யாகப்பர் அவனுடைய சாரத்தையே கொண்டுவந்து வைத்ததும் உண்டு. மருமகன் திரும்பி வந்தான். சாரத்தை யார் உடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் இன்றுவரை தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் திருவிழாவில் கயிறும் கட்டையும் குறைவு. சுருவத்தின் காலடி முழுக்கப் படங்கள். பிள்ளைகளின் படங்கள், புருஷன்மாரின் படங்கள். அடுத்த கிழமையே சிவில் உடுப்பில் ஆட்கள் வந்தார்கள். எந்தெந்தப் படத்தை யார் யார் வைத்தது என்று வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது வருடம், கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சி தாழைமுனைத் திருவிழாப் பூசையை நேரடியாக ஒளிபரப்ப வந்தது. கோயில் வளவில் பெரிய வானை நிறுத்தி, அதற்குள் இருந்தபடி எந்தக் கமராவின் காட்சி போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் கிறகரி. மூன்று கமராக்கள். இரண்டு கொழும்புக்காரரிடம். சுருவத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மூன்றாவதை ஊர்ப் பெடியன் ஒருவன்தான் பிடிக்க வேண்டும் என்று பங்குத்தந்தை ஒரே பிடியாக நின்றார். அப்படித்தான் றொசாந்தன் காதில் கருவியையும் வாயடியில் மைக்கையும் மாட்டிக்கொண்டு பெரிய கமராவின் பின்னால் நின்றான். நற்கருணை வாங்குகிற வாயைக் காட்டமாட்டேன், பாதர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம் கமராவை அசைக்கமாட்டேன் என்று அவன் முன்கூட்டியே சொல்லிவைத்தான். "நல்லது, எங்கட ஆக்களுக்கும் அதைச் சொல்லிக் குடுங்க" என்றார் கிறகரி. நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. திருவிழாவுக்கு முதல் நாள் பங்குமனைக் கதிரையில் சிவில் உடுப்பில் வந்து குந்தியிருந்த அதிகாரி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வழமை செய்ங்க பாதர். கயிறு, கட்டை பிரச்சினை இல்ல. போட்டோ மட்டும் வேணாம். போட்டோ டீவில வந்தா லைவ் நிப்பாட்டுவம். கொண்டு வந்த ஆளோட நாங்க கொஞ்சம் கதைக்கவும் வேணும்."

கொஞ்சம் கதைப்பது என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

அன்று பின்னேரம் வேஸ்பர் செபம் முடிந்து சனம் கலைந்த பிறகு, கமராவைச் சரிபார்த்துக்கொண்டு நின்ற றொசாந்தனிடம் பிரான்சிஸ்கா வந்தார். கரையில் கருவாடு காயப்போடுகிறவர். அனிஸ்ரன் என்று ஒரே மகன். கடைசிச் சண்டை முடிந்த அன்று அவனை ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைக் கண்டவர்கள் இல்லை.

"தம்பி, நாளைக்கு நீதானே சுருவத்துக்குப் பக்கத்திலை நிப்பாய்?"

"ஓம் அன்ரி."

பிரான்சிஸ்கா நெஞ்சுச் சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்து நீட்டினார். வெள்ளைச் சேட்டு. மயிரைப் பின்னுக்கு வாரி இழுத்திருந்தான். வாயின் இடப்பக்கம் மட்டும் மேலே ஏறின ஒரு சிரிப்பு. றொசாந்தனுக்கு அவனைத் தெரியும். பந்து விளையாடித் தோற்றாலும் அதே சிரிப்போடுதான் வருவான்.

"உங்களை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கிறான் அன்ரி" என்றான், சொல்ல வேறொன்றும் தெரியாமல்.

"தடுப்பு முகாமிலை இருந்து வந்த பெடியன் ஒருத்தன் சொன்னவன், உள்ளுக்கை ரீவி இருக்காம். ஞாயிற்றுக்கிழமையிலை வேதக்காரப் பெடியளைப் பூசை பாக்க விடுறவையாம். நாளைக்கும் ஞாயிறுதானே. இவன் பாக்காட்டிலும் இவனைத் தெரிஞ்ச ஒருத்தன் பாப்பான். வெளியிலை வந்து எனக்குச் சொல்லுவான். கொஞ்ச நேரம் காட்டிவிடு ராசா."

"ஏலாது அன்ரி. பிறகு உங்களைத்தான் தேடி வருவினம்."

"என்னட்டை இனி என்னத்தைத் தேடுறது?"

"இல்லை அன்ரி. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன். நீங்கள் படத்தோடை வந்தால் நான் கமராவைத் திருப்பிப்போடுவன்."

பிரான்சிஸ்கா அழவில்லை, மன்றாடவும் இல்லை. படத்தைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "என்னை உரிச்சு வைச்ச மாதிரி எண்டு நீயும் சொல்லுறாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பூசை தொடங்க முதலே காதுக்குள் கிறகரியின் குரல் வந்தது. "நல்ல செய்தி. கேட்டில பைகளச் செக் பண்ணிப் போட்டோ எல்லாத்தையும் ஒரு பெட்டில வாங்கி வச்சிட்டாங்க. பூசை முடியத் திருப்பிக் குடுப்பாங்களாம். இனிப் பயமில்ல."

றொசாந்தனுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி அவன் யாருக்கும் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அடுத்த கணமே அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே வெறுப்பு வந்தது. கைப்பைக்குள்ளிருந்து பிள்ளையின் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் வருகிற தாய்மாரை அவன் கமராக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். பிரான்சிஸ்கா நடுவாங்கில் முக்காட்டோடு இருந்தார். பக்கக் கதவடியில் அதிகாரி நின்றார்.

பூசை குறையில்லாமல் போனது. எழுந்தேற்ற நேரம் மூன்று கமராக்களும் ஆடாமல் நின்றன. நற்கருணைக்குச் சனம் எழும்பியபோது றொசாந்தன் மெழுகுதிரிகளைக் காட்டினான், கிறகரியும் மறுக்கவில்லை. பாடகர் குழுவின் பாட்டு முடிந்தது. அடையாளம் வைக்கிற நேரம் வந்தது.

"மூணு, காலடியிலயே இருங்க. முகம் வேணாம். உங்கடதத்தான் போடுறன்" என்றார் கிறகரி. கமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் அந்தக் கமரா பார்ப்பதை நாடே பார்க்கிறது என்று அர்த்தம்.

சுருவத்தின் காலடிக்கு ஒரு மாட்டுக் கயிறு வந்தது. ஒரு மிதவைக் கட்டை வந்தது. வீடே இல்லாமற் போன ஒருவர் அந்த வீட்டைப் பூட்டிய திறப்பை வைத்துவிட்டுப் போனார். அதிகாரியின் கண் ஒவ்வொரு கையையும் தொடர்ந்தது. படம் பறிகொடுத்த தாய்மார் வெறுமனே காலடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு கருவாட்டு உப்பில் வெடித்த இரண்டு கால்கள் வந்து நின்றன. றொசாந்தனுக்கு முகம் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"யாரது? கையில என்ன?" கிறகரியின் குரல் பதறியது.

"ஒண்டுமில்லை அண்ணன், வெறுங்கை" என்று றொசாந்தன் வாய்க்குள் முணுமுணுத்தான்.

பிரான்சிஸ்கா முழந்தாளிடவில்லை. அந்தோனியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார். சனம் சலசலத்தது. தாழைமுனையில் யாரும் சுருவத்துக்கு முதுகு காட்டுவதில்லை. திரும்பியவர் முக்காட்டை இழுத்துத் தோளில் விட்டார். இரண்டு கைகளாலும் மயிரைப் பின்னுக்கு வாரி இழுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். கமரா எங்கே இருக்கிறது என்று தேடி, நேரே அதைப் பார்த்தார். பார்த்து, வாயின் இடப்பக்கத்தை மட்டும் உயர்த்திச் சிரித்தார்.

றொசாந்தன் நேற்றுப் பார்த்த படம் அவன் முன்னால் உயிரோடு நின்றது.

அவனுடைய கமரா இன்னும் காலடியில்தான் நின்றது. வெடித்த கால்களும் ஒரு திறப்புமே போய்க்கொண்டிருந்தன. கையை அசைக்காமல் விட்டால் ஒரு கரைச்சலும் இல்லை. அவன் கதவடியைப் பார்த்தான். அதிகாரி நிமிர்ந்து நின்று பிரான்சிஸ்காவின் கைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளில் ஒன்றுமில்லை. போட்டோ வேணாம் என்றார்கள். முகம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, அதைச் சொன்னவர் கிறகரி. அழுகிற முகத்தை எடுப்பதில்லை என்பது றொசாந்தனின் சட்டம். இந்த முகம் அழவில்லை. சிரிப்பைப் பிடித்துவைக்கிற பாடு தாங்காமல் கன்னம் மட்டும் துடித்தது. இதற்குமேல் பிடித்துவைக்க ஏலாது என்று அவனுக்குத் தெரிந்தது.

அவன் கமராவை மேலே உயர்த்தினான். கிட்டக் கொண்டுவந்தான். முகம் முழுத் திரையையும் நிறைத்தது.

"மூணு! முகம் வேணாம்னு சொன்னனே! நான் ஒண்ணாம் கமராவுக்கு மாத்தப் போறன்."

"மாத்தாதேங்கோ அண்ணன்." றொசாந்தன் முணுமுணுத்தான். "கையிலை படம் இல்லை. தாய் ஒராள் சிரிக்கிறா, அவ்வளவுதான். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், விடுங்கோ."

காதுக்குள் கிறகரி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சிவப்பு விளக்கு இப்போது அணையும், இப்போது அணையும் என்று றொசாந்தன் பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி கைத்தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். பிரான்சிஸ்காவின் சிரிப்பு ஒருமுறை தளம்பியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்ப ஏற்றினார்.

விளக்கு அணையவில்லை. கன்னத்தின் துடிப்பு கழுத்துவரை இறங்கியபோதுதான் பிரான்சிஸ்கா முக்காட்டைத் திரும்பவும் போட்டுக்கொண்டு, அந்தோனியாரின் பக்கம் திரும்பி, முழந்தாளிட்டார். றொசாந்தன் கமராவை மெழுகுதிரிக்குக் கொண்டுபோனான்.

பூசை முடிந்த கையோடு அதிகாரி வானுக்கு வந்தார். ஓடியதைத் திரும்பப் போடச் சொன்னார். கிறகரி போட்டார். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி அதிகாரி வெகுநேரம் பார்த்தார். அவர்களுக்குத் தேவையான படம் அதில் இல்லை.

"இந்த அம்மா ஏன் சிரிக்கிறது?"

"திருவிழா தானே சேர்" என்றார் கிறகரி. அந்தப் பயந்த மனிதருக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ.

அதிகாரி இன்னும் ஒருமுறை பார்த்தார். "சிரிக்கிறது பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோயிலுக்குள் றொசாந்தன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிரான்சிஸ்கா கேட்டடிக்குப் போய்ப் பெட்டிக்குள்ளிருந்து மகனின் படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். யாரோ பாரமாக எதையோ மேலே வைத்ததில் படத்தின் ஒரு மூலை மடிந்திருந்தது. அதை விரலால் நீவிக்கொண்டே கேட்டார்.

"போனதோ தம்பி?"

"போனது அன்ரி."

"எனக்கு அவன்ரை சிரிப்பு நல்லா வராது. ராத்திரி முழுக்கக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பழகினனான்." படத்தைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். "அவனைப் போல இருந்துதோ? பாத்தால் விளங்குமோ?"

றொசாந்தன் வயரைக் கீழே போட்டான்.

"அவன்தான் வந்தவன் அன்ரி. நான் கண்டனான்."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிரான்சிஸ்கா, அந்தோனியாரின் காலடியில் இருந்த கயிறுக்கும் கட்டைக்கும் நடுவில் அப்படியே குந்தி, வாய்விட்டு அழுதார். பக்கத்தில் கமரா இன்னும் அவரைப் பார்த்தபடிதான் நின்றது. றொசாந்தன் எட்டிப் போய் அதன் மூடியைப் போட்டான். பிறகு அவருக்குப் பக்கத்தில் குந்தினான்.