யெர்கோவின் இடது முழங்கால்

மைதானத்தில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறார்கள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். அதற்குப் பிறகு அவனை என்ன செய்தார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

யெர்கோ வுச்செமிலோவுக்கு முப்பத்தொரு வயது. கால்பந்தில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். குரோஷியாவில் ஸ்ப்ளிட் நகரத்துக்கு மேலே, கல் மட்டுமே விளையும் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். ஸ்லோவேனியாவில் ஒரு வருடம், போலந்தில் இரண்டு, சைப்ரஸில் இரண்டு என்று பெட்டியை முழுதாகப் பிரிக்காமலேயே வாழ்ந்து, துனிசியாவில் ஒரு துறைமுக நகரத்துக் கிளப்புக்கு வந்து சேர்ந்திருந்தான். ஜனவரி முதல் ஞாயிறு, ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில், அவன் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆறு வாரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் மறுபடி ஆட முடியாது என்றார் ஸ்கேன் பார்த்த மருத்துவர்.

ஒன்பதாம் நாள் நொண்டிக்கொண்டே உடை மாற்றும் அறைக்குப் போனான். அவனுடைய கொக்கியில் வேறு யாருடைய சட்டையோ தொங்கியது.

"யாரோடது இது?"

சட்டை, காலுறையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அமோர் தலை நிமிரவில்லை. இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் இத்தாலிய மொழி தெரியும். "புது ஆளு. நேத்துதான் வந்து இறங்கினான். வெளிநாட்டுக்காரங்க இத்தனை பேருன்னு கணக்கிருக்கில்ல? ஒருத்தன் உள்ள வந்தா ஒருத்தன் வெளிய. உன்னைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, தம்பி."

மேனேஜர் மொக்தார் எரிச்சல்கூடப் படவில்லை. "நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?" என்று ஒரு தாளை நகர்த்தினார். முழங்கால் வலி இங்கே வருவதற்கு முன்பே இருந்ததாம். சிகிச்சை ஆட்டக்காரரின் சொந்தப் பொறுப்பாம். பட்டியலிலிருந்து விலக முழுச் சம்மதமாம். கீழே, யெர்கோவின் சார்பில், அவனுடைய ஏஜென்ட் ஸ்டெஸ்லாவ் போட்ட கையெழுத்து.

ஸ்டெஸ்லாவ் வெறும் ஏஜென்ட் அல்ல, யெர்கோவுக்குக் கூம். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், மகள் லூசியாவுக்கு ஞானத்தந்தை. அந்த மலையில் கூம் உறவு ரத்த உறவைவிடக் கெட்டி. சைப்ரஸுக்குப் போகும் முன், காப்பிக் கடையில், கோப்பைகளை ஒதுக்கிவிட்டு ஸ்டெஸ்லாவ் நீட்டிய அதிகாரப் பத்திரத்தில் யெர்கோ படிக்காமலே கையெழுத்திட்டான். கூம் நீட்டும் தாளைப் படிப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம் என்று அங்கே ஒவ்வொரு ஆணும் நம்புகிறான். இப்படி நம்பச் சொல்லி எந்தப் பாதிரியாரும் போதித்ததில்லை. மனிதர்கள் தாங்களே செய்து தாங்களே கழுத்தைக் கொடுத்துக்கொண்ட நுகத்தடி இது.

யெர்கோ கடற்கரைச் சாலையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நொண்டியபடி ஸ்டெஸ்லாவுக்குப் போன் போட்டான். உட்கார முடியவில்லை.

"கூமே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"மொதல்ல கத்தாத. அந்தக் கிளப்புக்கு இன்னும் மூணு பேரை அனுப்பப் போறேன். அவங்களைப் பகைச்சுக்கிட்டா அடுத்த சீசன் உன்னை யாரு சீண்டுவா?"

"என் முழங்கால் பழசுன்னு எழுதிக் கொடுத்திருக்கியே!"

"முப்பத்தொரு வயசுல உங்கிட்ட எதுடா புதுசு?" ஸ்டெஸ்லாவ் சிரித்தான். "ஊருக்கு வா. ஒரு ஆட்டுக்குட்டியைச் சுட்டு, குடிச்சுக்கிட்டே பேசி முடிச்சுக்கலாம்."

ஆட்டக்காரர் சங்கத்து வழக்கறிஞர் இரண்டு தாள் கேட்டார். ஒன்று, ஏஜென்ட் தனக்குத் தெரியாமல் பொய் எழுதிக் கொடுத்தான் என்று யெர்கோ எழுதித் தர வேண்டும். இன்னொன்று, காயம் அன்றைய ஆட்டத்தில்தான் பட்டது என்று நேரில் பார்த்தவர் ஒருவரின் சாட்சி. முதல் தாள் மூன்று நாள் அவன் பையிலேயே கிடந்தது. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். கூமைக் காட்டிக் கொடுத்தவன் என்ற பெயரோடு அந்த ஊரில் எவனாலும் காப்பிகூடக் குடிக்க முடியாது.

ஊரிலிருந்து மனைவி மிர்னா போனில் ஒரே வாக்கியத்தில் முடித்தாள். "ஞானஸ்நானத்துல அவன் கையில நம்ம குடுத்தது பிள்ளையைத்தான், உன் காலை இல்ல."

கையெழுத்திட்டான். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு.

சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. கூட ஆடியவர்களில் ஒருவன் பூட்ஸ் கயிற்றையே பத்து நிமிடம் கட்டினான். இன்னொருவன், "எனக்கு ஜூன்ல ஒப்பந்தம் முடியுதுப்பா" என்று விலகினான். கிளப் மருத்துவர் விடுப்பில் போய்விட்டார். பத்துப் பேர் பக்கத்தில் நின்று பார்த்த காயம், இரண்டு வாரத்தில் யாருமே பார்க்காத காயமாகிவிட்டது. கிளப்புகள் பிழைப்பது இந்தப் பயத்தில்தான்.

அமோர்தான் சலவைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தார். தேதி, நிமிடம், எந்தக் கோல்கம்பத்துக்குப் பக்கம் என்பது வரை எழுதினார். "ஐஸ் வைத்துக் கட்டியது நான். அதற்கு முன் இவர் இந்த முழங்காலுக்கு ஒரு துண்டுத் துணிகூடக் கேட்டதில்லை." கீழே முழுப் பெயர்.

"அமோர் அண்ணே, உங்க வேலை போயிடும்."

"நாப்பது காலுக்குக் காலுறை துவைக்கிறேன். எந்தக் கால் எப்ப போச்சுன்னு எனக்குத் தெரியாதா? வேணும்னா மேனேஜரே துவைச்சுக்கட்டும். அந்த நாத்தத்துல அவருக்கே உண்மை வெளங்கும்."

இரண்டு தாளும் வழக்கறிஞர் வழியாகக் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள், கிளப் தன் செலவில் அறுவைக்குத் தேதி குறித்தது. அப்போது ஆறு வாரத்தில் பத்து நாள்தான் மிச்சம். பட்டியலில் அவன் பெயரைத் திரும்பச் சேர்ப்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது. ஸ்டெஸ்லாவ் பேசுவதில்லை. யெர்கோவின் தாயும் பேசுவதில்லை. அமோரை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு காலுறை துவைக்க ஆள் கிடைக்காமல் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

உங்கள் ஆலையில், கட்டடத்தில், மைதானத்தில் பக்கத்தில் நிற்பவர் அடிபட்டு விழுந்தால், அனுதாபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பார்த்ததை அன்றைக்கே எழுதுங்கள். தேதி போடுங்கள், உங்கள் பெயரைப் போடுங்கள், அவர் கையில் கொடுங்கள்.