வலப்பக்கக் கதிரை

இடது எஞ்சினில் தீ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே மணியும் அடித்தது. செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தேன். கால்மிதியை அழுத்தி விமானத்தை நேராகப் பிடித்தேன், பாதுகாப்பான உயரத்துக்கு ஏறவிட்டேன். பிறகு இடது எஞ்சினை அணைக்கும் பிடியில் கைவைத்து, இடது எஞ்சின் என்று உரக்கச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கை அந்தப் பிடியின் மேல் அசையாமல் கிடந்தது.

நல்ல வேளை, அது உண்மையான விமானம் அல்ல. பாலைவன நாடொன்றின் பயிற்சி நிலையத்தில், விமானத்தின் முன்பகுதியைப் போலவே செய்துவைத்த சிமியுலேட்டர். பின்னால் அமர்ந்திருந்த பரீட்சகர் எல்லாவற்றையும் நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த பொய் வானம் அப்படியே நின்றது. யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அதோடு தீர்ந்திருக்கும். அவரோ உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். என் வலப்பக்கக் கதிரையில் யாரும் இல்லை. இந்தச் சின்ன ஜெட்டை ஒரு விமானியே தனியாக ஓட்டலாம். தனியாக ஓட்டிக் காட்டுவதுதான் சோதனை. ஆனால் யாருக்காகக் காத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அவன் என் கூட்டாளி. முந்தல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நான் புத்தளத்துக்காரன். இருவரும் ஒரே காலத்தில் பறக்கப் பழகி, ஒரே முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு புரொப்பெல்லர் பூட்டிய ஒரு விமானத்தில் எங்கள் தீவின் மூலைமுடுக்கெல்லாம் ஆட்களை ஏற்றி இறக்கினோம். அவனும் தலைமை விமானிதான். ஆனால் நாங்கள் சேர்ந்து போனால் இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு என்று எப்படியோ வழக்கமாகிவிட்டது. ஓடுபாதையில் போய் நின்றதும் நான் பிஸ்மில்லாஹ் சொல்வேன், அவன் சிலுவை போடுவான். பிறகுதான் விமானம் நகரும்.

இருவர் ஓட்டும் விமானத்தில் ஒரு சட்டம் உண்டு. எஞ்சின் ஒன்றை நிறுத்துவதானால், எது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் கண்ணால் பார்த்து, சரிதான் என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை கை அசையக் கூடாது. பதற்றத்தில் நல்ல எஞ்சினை அணைத்துவிட்டுக் கெட்ட எஞ்சினோடு விழுந்தவர்களின் கதை எங்கள் தொழிலில் நிறைய இருக்கிறது. பதிலை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். என் கூட்டாளியோ முதலில் ஆம் என்ற பொருளில் ஓம் என்பான், அதன் பிறகுதான் ஆங்கிலம் வரும். அந்த ஓம் விழுந்தால்தான் என் கை நகரும். இவ்வளவு காலமும் என்னையும் பயணிகளையும் காப்பாற்றிய பழக்கம் அது. அதுவே இப்போது என்னைத் தோற்கடித்துவிட்டது.

வீட்டிலும் எனக்கு இதே வியாதிதான். காஸ் மூடியாச்சா என்று கேட்பேன், பதில் வரும்வரை வாசலைத் தாண்ட மாட்டேன். "ஒங்களுக்குப் பதில் செல்லியே என்ட தொண்ட காஞ்சிட்டு" என்று மனைவி அடிக்கடி சொல்வாள். இந்த மனிதரைத் தனியாக விமானம் ஓட்டச் சொல்கிறார்களே என்று அவள் சிரித்தது, நான் பயிற்சிக்குப் புறப்படும்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதலாளி பழைய விமானத்தை விற்றுவிட்டு இந்த ஜெட்டை வாங்கியிருந்தார். ஒரு வேன் அளவுக்குத்தான் இருக்கும். முன்னால் புரொப்பெல்லர் இல்லை; இரண்டு எஞ்சின்களும் பின்னால் வாலோரம் ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தம் முன்னுக்கு வராது. எஞ்சின் ஓடுகிறதா என்பதைக் காதால் அறிந்து பழகியவனுக்கு அந்த அமைதியே பெரும் தொந்தரவு. புரொப்பெல்லர் விமானத்தில் சக்தியைக் குறைத்தால் காற்றே பிடித்து நிறுத்தும். இதுவோ எண்ணெய் பூசிய பலகையில் விட்டதுபோல வழுக்கிக்கொண்டே போகும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்று நினைக்க வேண்டிய இடமே முந்தின ஊரில் இருக்கிறது. அதையெல்லாம் பாடுபட்டுப் பழகிவிட்டேன். வயது போனாலும் கை படித்துக்கொள்ளும். வாய்தான் படிக்கவில்லை.

பயிற்சிக்கு எங்கள் இருவரின் பெயரும்தான் போயிருந்தது. புறப்படுவதற்கு முன் நடந்த வைத்தியப் பரிசோதனையில் அவனுடைய இதயத்தில் ஒரு கோளாறு என்றார்கள். மருந்தோடு நீண்ட நாள் இருக்கலாம், ஆனால் விமானம் ஓட்ட முடியாது. அனுமதிப்பத்திரம் போய்விட்டது. அவன் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நானும் போகவில்லை என்றேன். விசர்க்கதை கதைக்காதே என்று திட்டி வைத்துவிட்டான். வழியனுப்ப அவன் வரவில்லை. நானும் அவன் வீட்டுக்குப் போகாமலே விமானம் ஏறினேன்.

சோதனையில் தவறியவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, ஒன்றே ஒன்று. அதிலும் தவறினால் ஜெட் இல்லை. பழைய விமானத்தை விற்றாயிற்று. இந்த வயதில் வேறு எவரும் என்னை எடுக்கப்போவதில்லை. ஆக, பறப்பு முடிந்தது. இடையில் கிடைத்த ஓய்வில் புத்தளம் வந்து சேர்ந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். அவள் சொல்லித்தான் மறுநாள் முந்தலுக்கு பஸ் ஏறினேன்.

அவன் மைத்துனரின் இறால் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான். குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் சளசளவென்று சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது இதுதான் தன்னுடைய புரொப்பெல்லர் என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். யாருக்காகக் காத்திருந்தாய் என்று அவன் கேட்கவில்லை.

காவல் கொட்டிலிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்து வந்து, வரம்பில் குளத்தைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் போட்டான். விமானிகள் வீட்டில் பயிற்சி செய்யும் முறைதான் இது. விமானத்தின் உட்புறப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கதிரையிலிருந்தே கைகளை அசைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுவோம். நான் கொண்டுவந்த படத்தை ஒரு தீவனச் சாக்கில் ஊசி குத்தித் தொங்கவிட்டோம். நான் இடப்பக்கம் இருந்தேன், அவன் வலப்பக்கம். அவன் எந்தப் பக்கம் தீ என்று சொல்ல வேண்டியது, பிறகு வாயே திறக்கக் கூடாது. நான் எவருக்கும் காத்திராமல் நானே பார்த்து, நானே சொல்லி, நானே செய்து முடிக்க வேண்டும். திட்டம் நல்ல திட்டம்தான்.

இடது எஞ்சின் என்றேன். "ஓம், இடது" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் சொன்னான். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தான். ஒரு தடவை வாய் திறக்கவில்லை, ஆனால் தலை ஆடியது. என் கண் அந்தத் தலையாட்டலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இறால்களுக்குத் தீவனம் போட வந்த மைத்துனர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் திரும்பிப் போனார்.

கடைசியில் என் கூட்டாளி எழுந்தான். "மச்சான், நான் இதில இருந்தா நீ கேப்பாய். நீ கேட்டா நான் சொல்லுவன். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றான்.

அவன் வரம்போடு நடந்து குளத்தின் எதிர்ப்பக்கம் போனான். அங்கே போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். முகத்தைக் காட்டி நின்றால் அவனுடைய இடது எனக்கு வலதாகிவிடும் என்பதற்காக அப்படி நின்றான். சக்கரங்களின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. இடது கையைத் தூக்கினால் இடது எஞ்சின், வலது கையைத் தூக்கினால் வலது. தூக்குவான், இறக்குவான். நான் சரியாகச் செய்தேனா பிழையாகச் செய்தேனா என்று அவனால் பார்க்க முடியாது. பார்க்கக் கூடாது என்பதுதான் அவன் எண்ணம்.

என் பக்கத்தில் வெறும் கதிரை. முதல் சில தடவைகள் நான் அதைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருக்கப் பழகினேன். இடது எஞ்சின் என்று சொல்லி, விரலால் தொட்டுப் பார்த்து, ஓம் இடது என்று என் குரலிலேயே சொல்லி, கையை இழுத்தேன். என் வாயிலிருந்து அந்த ஓம் வந்தபோது அவனுடைய வேலையை அவன் இருக்கும்போதே பறித்துக்கொள்வதுபோல இருந்தது. அதையும் அவனே தூக்கித் தருகிறான் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வெயில் ஏறியது. அவன் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். இதயம் சரியில்லாதவனை இப்படி வெயிலில் நிறுத்தலாமா என்று நான்தான் போய்க் கூட்டி வந்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் போனேன். தொப்பி போட்டுக்கொண்டு நின்றான்.

இரண்டாம் முறை அதே பரீட்சகர். தீ விளக்கு வலப்பக்கம் எரிந்தது. சொன்னேன், பார்த்தேன், பதிலையும் நானே சொன்னேன், கை நகர்ந்தது. நடுவில் நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல் என்னவென்று அவர் முடிவில் கேட்டார். எங்கள் மொழியில் அதற்கு ஆம் என்று அர்த்தம் என்றேன். நல்லது என்று கைகொடுத்தார்.

அதன் பிறகு தனியாகப் பறக்கத் தொடங்கினேன். வலப்பக்கம் சில வேளை பயணி ஒருவர் இருப்பார், பல வேளை என் பையும் தண்ணீர்ப் போத்தலும்தான் இருக்கும். கொஞ்ச காலம் கழித்து முதலாளி ஹோட்டல் கட்டக் காணி பார்க்கவென்று கற்பிட்டிக்கு ரோட்டால் போயிருந்தார். அவரை ஏற்றி வரப் புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள பாலாவி ஓடுபாதைக்கு விமானத்தை வெறுமையாகக் கொண்டுபோக வேண்டும். என் கூட்டாளியைப் பயணியாகக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதையும் தொடாமல் இருந்தால் சரி என்றார். அதை அப்படியே அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அவன் முந்தலிலிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, இரத்மலானை விமான நிலையத்தில் ஏறினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஆசனப் பட்டியைப் பூட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டான். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன். சிலுவை போட மட்டும் ஒரு கையை வெளியே எடுத்தான், பிறகு பழையபடி வைத்துக்கொண்டான்.

கரையோரமாக வடக்கே பறந்தோம். அவன் பக்கத்துக் கண்ணாடியில் சிலாபம் போனது, பிறகு முந்தலின் இறால் குளங்கள் வரிசையாக வந்தன. அவன் மனைவி வரம்பில் நின்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தாளாம். எது எங்கள் குளம் என்று கண்டுபிடிப்பதற்குள் கடந்துவிட்டோம். பஸ்ஸில் வந்த அலுப்புத் தீருமுன் கடலேரியாக விரிந்த புத்தளம் களப்பு தெரிந்தது. உப்பு வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன.

இறங்கும்போது உயரத்தை இப்போது இயந்திரமே சொல்கிறது, ஒரு பெண் குரலில். முன்பு அதைச் சொல்வது அவன் வேலை. குரல் வந்தபோது கடைக்கண்ணால் பார்த்தேன். அவன் உதடுகள் அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. களப்புக் காற்று வழக்கம்போல் பக்கவாட்டில் தள்ளியது. நேராக்கி இறக்கினேன். நல்ல இறக்கம். முன்பென்றால் ஏதாவது நக்கல் சொல்லியிருப்பான்.

ஓரமாக நிறுத்தி எஞ்சின்களை அணைத்தேன். முதலாளியின் வாகனம் இன்னும் வந்திருக்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கும், பற்றரியின் சுவிட்ச். அதை அணைத்தால் திரைகள் இருண்டுவிடும். பிறகு விமானம் வெறும் தகரம்.

அதில் விரலை வைத்து, பற்றரி என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன்.

அவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். பழைய வியாதி திரும்பிவிட்டது என்று பயந்துவிட்டான் போலும். "நான் சொல்ல மாட்டன். நீயே சொல்லு" என்றான்.

"எஞ்சின் நிண்டுட்டு. இனி ஒண்டும் ஆகாது. நீ செல்லு, நான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அவன் கைகளை மெல்ல வெளியே எடுத்தான். முன்பு செய்வதுபோலவே சற்று முன்னால் சாய்ந்து, என் விரல் எதன்மேல் இருக்கிறது என்று உற்றுப் பார்த்தான். அவசரப்படவில்லை. எனக்கும் அவசரம் இருக்கவில்லை. தூரத்தில் முதலாளியின் வாகனம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது.

"ஓம், பற்றரி" என்றான்.

அதன் பிறகுதான் அணைத்தேன்.